பசுமலையிலிருந்து பச்சை மலைக்கு

பசுமலை என்று ஊரின் பெயரைச் சொன்னதுமே வெளியூர்க்காரர்கள் மனத்தில் ஒரு பச்சை மலை எழுந்துவிடும். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், பழங்காநத்தம் தாண்டி, திருப்பரங்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். பேருந்தை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்க்கிறவர்கள், "மலை எங்கே, பச்சை எங்கே?" என்றுதான் கேட்பார்கள். முதுகு காட்டிப் படுத்திருக்கும் ஒரு பாறைக் குன்று. இடுக்குகளில் முள்ளும் வேம்பும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு மாதம் போல பச்சை. அவ்வளவுதான். ஊர்ப் பெயரில் இருப்பது பசுமை அல்ல, பசு. மதுரையை அழிக்க வந்த மாயப் பசு, சிவன் அனுப்பிய நந்தியைக் கண்டு மயங்கி விழுந்து மலையானது என்று திருவிளையாடல் கதை சொல்லும். அந்தப் பக்கம் நாகமலை, இந்தப் பக்கம் யானைமலை, நடுவில் எங்கள் பசு. மதுரையைச் சுற்றி எல்லாமே ஏதோ ஓர் உயிர் கல்லாகி அமர்ந்ததுதான்.

இந்தக் கல்லின் அடிவாரத்தில் பிறந்து, இங்கேயே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாட்டு எழுதுவேன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால் பாடகர் குழுவினர் புதுப்பாட்டு ஒன்று கேட்பார்கள். ஆலயத்துக்குள் வாழைத்தார், பூசணிக்காய், தென்னம்பிள்ளை, நெல்மூட்டை, கால் கட்டிய கோழி, புதுப்பானை என்று காணிக்கைகள் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். ஒரு எலுமிச்சம்பழம் நூறு ரூபாய்க்குப் போகும். போனதை வாங்கியவரே திரும்பவும் காணிக்கையாக வைப்பார். மண் கொடுத்ததற்கு மனிதன் சொல்லும் நன்றி அது. அதற்கு ஒரு பாட்டு எழுத வேண்டும்.

மூன்று மாதமாக எழுத வரவில்லை. 'இயற்கை', 'கிருபை', 'நன்றி' என்று பெரிய சொற்களாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே பலமுறை பாடித் தேய்ந்தது. அடித்து அடித்து நோட்டுப் புத்தகம் கனத்ததுதான் மிச்சம். அப்போதுதான் கொழும்பில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், ஒருதடவை வாங்க. சிவனொளிபாத மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். சீசன் நடக்குது." டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை அந்தப் புனித மலையில் மக்கள் ஏறும் காலம். அது பிப்ரவரி. கிளம்பிவிட்டேன்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சன்னல் வழியே கடல் கண்ணாடி போலத் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியின் கதையே இந்தத் தண்ணீரைத் தாண்டி வந்ததுதான் என்ற நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் கடல் கடந்து மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. அங்கே 1881-இல் தொடங்கிய கல்லூரி வகுப்புகள்தாம் பின்னால் மதுரை நகருக்குள் போய் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தன. அந்தப் பக்கமிருந்து எழுத்து இங்கே வந்தது. இந்தப் பக்கமிருந்து அங்கே போனவர்கள் யார்? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மலை ஏறவேண்டியிருந்தது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் மலைநாட்டு ரயிலைப் பிடித்தோம். முதல் இரண்டு மணி நேரம் தென்னையும் வயலும். ரம்புக்கணையைத் தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கியபடி ஏறத் தொடங்கியது. கடுகண்ணாவைப் பக்கத்தில் வலப்புறம் பள்ளத்தாக்கு திடீரென்று அடியற்று விழுகிறது. தூரத்தில், விரித்துக் கவிழ்த்த புத்தகம் போலத் தலை தட்டையான ஒரு பாறை மலை. வெள்ளைக்காரர்கள் அதற்குப் பைபிள் ராக் என்று பெயர் வைத்தார்களாம். பாறை மலையைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்தது போலிருந்தது. நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலை தொடங்கியது. பிறகு அது முடியவே இல்லை. ஒரு மலை முடிந்து அடுத்த மலை, அதன் மடிப்பிலும் தேயிலை, அதற்கப்பால் மேகத்துக்குள் நுழையும் சரிவிலும் தேயிலை. வறண்ட பூமியில் வளர்ந்த கண்ணுக்கு அவ்வளவு பச்சை தாங்கவில்லை, நீர் கட்டியது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'ஆண்டவர் விரித்த பச்சைப் பாய்' என்று எழுதினேன். மூன்று மாதத்தில் எழுதிய முதல் வரி. அதை இரண்டு நாளில் நானே அடிக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

ஹட்டனில் இறங்கி, பேருந்தில் மஸ்கெலியா வழியாகப் போனோம். வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். 1969-இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் நீர் வடிந்தால் பழைய கோயிலின் கற்கள் தலைகாட்டும் என்றார்கள். மலையடிவாரத்து ஊரின் பெயரைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது: நல்லதண்ணி. மதுரைப் பக்கத்தில் இந்தச் சொல்லின் அருமை தெரியாதவர் கிடையாது. ஆழ்துளைக் குழாயில் வருவது உப்புத் தண்ணி, லாரியில் வருவது நல்ல தண்ணி. 'நல்ல தண்ணி வந்துருச்சா' என்ற கேள்வியோடுதான் எங்கள் தெருக்கள் விடியும். தண்ணீருக்கு ஏங்கிய யாரோ ஒரு தமிழர்தான் இங்கே வந்து, ஓடையில் கைகுவித்துக் குடித்துவிட்டு, இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரே சொல்லில் ஒரு தோத்திரப் பாட்டு!

இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். மலை 2,243 மீட்டர் உயரம். இந்தப் பாதையில் 5,000-க்கும் மேற்பட்ட படிகள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை விளக்குகள் போட்டிருக்கிறார்கள். இருட்டில் மலை தெரியாது, விளக்குச் சரம் மட்டும் தெரியும். வானத்தில் ஏணி தொங்குவது போல. நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தால், மேலே எது விளக்கு, எது நட்சத்திரம் என்று பிரித்தறிய முடியவில்லை. கைக்குழந்தையோடு தாய்மார்கள், வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள், பாட்டியைத் தோளில் தாங்கி ஏற்றும் பேரன்கள். இறங்கி வருகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒருவருக்கொருவர் 'கருணாவாய்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள்மேல் கருணை இருக்கட்டும் என்று பொருள். தமிழர்கள் கூட்டம் வந்தால் 'அரோகரா' எழுகிறது. மூச்சு முட்டும் இடத்தில் முகம் தெரியாத ஒருவர் வாழ்த்திவிட்டுப் போவது, கைத்தடி கொடுத்தது போல இருந்தது.

சீத கங்குல என்ற ஓடையில் எல்லாரும் முகம் கழுவினார்கள். தண்ணீர் கையை வெட்டியது. பக்கத்தில் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், பேரன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டுத் திரும்பினார்.

"ஐயா எந்தத் தோட்டம்?"

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் ஊர் கேட்பது இப்படித்தான். "தோட்டம் இல்லம்மா, இந்தியா. மதுரை" என்றேன்.

"மதுரையா! எங்க தாத்தாவோட அப்பாவும் அந்தப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. ஊர் பேர்தான் யாருக்கும் தெரியாது. மதுரையில எங்க?"

"பசுமலை."

"பேரே பசுமலையா? அப்ப எங்க மலையவிட பச்சையா இருக்கும்."

"இல்லம்மா. வெறும் பாறை. உங்க மலைதான் பச்சை."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "எங்க மலையும் தானாப் பச்சையா இருக்கல ஐயா. ஏழு நாளைக்கு ஒருக்கா கை படணும். கை படாட்டி மரமாப் போயி, காடாப் போயிரும்."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். தேயிலை செடி அல்ல, மரம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். விட்டால் பனை உயரத்தில் பாதி வளரும். அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பது கொழுந்து பறிக்கும் விரல்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும் கத்தி. ரயிலில் என் கண்ணை நனைத்த அந்தச் சமதளப் பச்சை முழுவதும் மனிதக் கையின் உயரம். நான் அதைப் பார்த்து ஆண்டவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு, பாய் முடைந்தவர்களைத் தாண்டி வந்திருக்கிறேன்.

அந்த அம்மாவும் மருமகளும் பேரனும் எங்களோடு சேர்ந்தே ஏறினார்கள். அவருக்கு அது ஒன்பதாவது முறை. "என்ன வேண்டுதலும்மா?" என்று கேட்டேன்.

"வேண்டிக்க இல்ல ஐயா. சொல்லிட்டு வர."

"என்ன சொல்ல?"

அவர் விரல் மடக்கினார். போன மழையில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது, வீட்டுக்குள் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும். பேரன் சாதாரண தரப் பரீட்சை தேறினான். மருமகளுக்குக் காலில் அட்டை கடித்த புண் ஆறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுச் சுகமின்மைக்கு நடுவிலும் இவருக்காக ஒரு வாரம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவள் பெயரையும் மேலே சொல்ல வேண்டும். பத்து விரலும் மடங்கின. பிறகும் சொன்னார்.

மூன்று மாதமாக 'நன்றி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு தவித்தவன் நான். அவர் அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாக, ஆள் பெயரோடு சொன்னார். மேலே ஏற ஏற என் மனத்தில் ஒரு தாளம் விழத் தொடங்கியது. படிகளின் தாளமா, அவர் விரல் மடக்கிய தாளமா, தெரியவில்லை.

கடைசிப் படிகள் செங்குத்து. இரும்புப் பிடியைப் பற்றித்தான் ஏற வேண்டும். பயணி இப்னு பதூதா 1344-இல் இந்த மலைக்கு வந்தபோது பாறையில் கோத்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதாக எழுதியிருக்கிறார். இலங்கையிலிருந்து புறப்பட்ட அவர் பிறகு போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று எது தெரியுமா? மதுரை. அப்போது அங்கே சுல்தான்கள் ஆட்சி. அப்போதைய சுல்தான் அவருக்கு உறவு. கொள்ளைநோய் பரவியிருந்த எங்கள் ஊரில் அவரும் காய்ச்சல் கண்டு படுத்தார். ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலையையும் மதுரையையும் ஒரே பயணத்தில் கண்ட மனிதர் பிடித்த இடத்தில் நானும் பிடிக்கிறேன் என்ற நினைப்பு, குளிரில் விறைத்த கைக்குச் சூடு தந்தது.

உச்சியில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் பாதச் சுவடு; சின்னக் கோயிலுக்குள் மூடிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம். சைவருக்குச் சிவனின் பாதம். இஸ்லாமியர் ஆதாமின் பாதம் என்பார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பாதம் என்றும் நம்புகிறார்கள். ஒரே வரிசையில் எல்லாரும் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பிக்கு, பின்னால் தொப்பி அணிந்த ஒரு பெரியவர். எனக்கு அது புதிதாகப் படவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் திருப்பரங்குன்றம் தெரியும். அடிவாரத்தைக் குடைந்து முருகன் கோயில், மேலே சிக்கந்தர் தர்கா, குகையில் சமண முனிவர் படுத்த கற்படுக்கைகள். ஒரு மலை பலருடைய கும்பிடைத் தாங்கும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

அங்கே ஒரு மணி தொங்குகிறது. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். நான் ஒன்று அடித்தேன். அந்த அம்மா ஒன்பது அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் உதடு அசைந்தது. கீழே மடக்கிய விரல்களை இங்கே விரித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

பிறகு கிழக்கு வெளுத்தது. 'இர சேவய' என்று இந்த விடியலைச் சொல்கிறார்கள்; சூரியன் செய்யும் வணக்கம். மலைகளுக்கு நடுவில் பனி பாலாகத் தேங்கியிருந்தது. ஒரு சிவப்புப் புள்ளி எழுந்து, நூறு முகங்களில் ஒரே நேரத்தில் வெளிச்சம் பட்டது. யாரோ 'சாது சாது' என்றார்கள். யாரோ 'அரோகரா' என்றார்கள். என் வாயிலிருந்து 'ஸ்தோத்திரம்' என்று வந்தது. மாணவர் என் தோளைத் தொட்டு மேற்குப் பக்கம் திருப்பினார். அங்கே, மேகத்தின்மேல், மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழுந்து கிடந்தது. மலை எந்த வடிவில் இருந்தாலும் நிழல் இப்படித்தான் தெரியும். நீண்டு போகும் எதுவும் கண்ணுக்குத் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்க் கூடுவதால். தண்டவாளம் தூரத்தில் சேர்வது போல. சூரியன் ஏற ஏற அந்த நிழல் சுருங்கி, எங்கள் காலடிக்கே வந்து மறைந்தது. இந்த மலைக்காட்டில்தான் களனி, களு, வளவை ஆறுகள் பிறக்கின்றன. அந்தக் குளிரில் இலை நுனியில் நிற்கும் ஒவ்வொரு துளியும் எங்கோ ஒரு வயலுக்குப் போகிற துளி.

இறங்கியதும் அந்த அம்மா விடவில்லை. "லயத்துக்கு வாங்க ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." வரிசையாக ஒட்டிய சின்ன வீடுகள். ரொட்டியும் கட்டைச்சம்பலும் பிளேன்டீயும் தந்தார். மறுநாள் காலை அவர் கொழுந்து மலைக்குப் போகும்போது நானும் கூடப் போய் வரப்பில் நின்று பார்த்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும். கண் ஓரிடம், கை ஓரிடம். நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள். நாள் முழுக்க எடுத்த கொழுந்து குறித்த கிலோ எட்டினால் 'முழுப்பேர்', எட்டாவிட்டால் 'அரைப்பேர்'. ஒருநாள் கூலியைத்தான் அங்கே 'பேர்' என்கிறார்கள். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் விழுந்தால் சம்பளம்.

அந்தச் சொல் என்னை விடவே இல்லை. தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலத்திலேயே மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குக் கிளம்பியவர்கள், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869-இல் தோன்றிய இலைநோயில் காப்பி அழிந்தபோது, அந்தச் சரிவுகளில் தேயிலையை நட்டவர்களும் அவர்கள் மக்களே. 1948-இல் வந்த சட்டம் அவர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அந்த அம்மாவின் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் கப்பல் ஏறியது. பிறகு கடிதம் இல்லை. உலகம் முழுவதும் காலையில் குடிக்கும் கோப்பையில் இருப்பது இவர்கள் உழைப்பு. ஆனால் அவர்கள் பேர் கூலிக் கணக்கில் மட்டும் இருந்தது, அதுவும் சில நாள் அரையாக.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து 'ஆண்டவர் விரித்த பச்சைப் பாய்' என்ற வரியை அடித்தேன். அது பொய் என்பதால் அல்ல, பாதி என்பதால். மழையும் மண்ணும் அவர் தந்தவை. பாய் முடைந்தது இவர்கள். இருவருக்கும் சொல்லாத நன்றி முழு நன்றி ஆகாது. அந்த வரப்பில் நின்றபடியே பல்லவி வந்தது. ஹட்டன் ரயிலில் ஆறு சரணமும் வந்தன. அவற்றில் 'இயற்கை' என்ற சொல் இல்லை. கண்மாய் மடை திறந்தவர், நாற்று நட்டவர், கிணற்றில் தூர் வாரியவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய சிறுமி, நல்ல தண்ணிக்கு வரிசையில் நின்று எங்களுக்கும் ஒரு குடம் பிடித்து வைத்தவர், கொழுந்து எடுத்தவர் என்று ஆளுக்கொரு சரணம். ஒவ்வொருவருக்காகவும் ஆண்டவரிடம் போய்ச் 'சொல்லிவிட்டு வரும்' பாட்டு.

கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலம் தந்தார். தோட்டத்தில் அவர்களுக்குக் கொடுக்கும் தேயிலைத் தூள். "பசுமலைக்கு எங்க மலைய கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்போதுதான் நான் அவர் பெயரைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து! சொன்னார். ஊரும் தோட்டமும் சேர்த்துப் பொட்டலத்தின்மேல் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் எங்கள் குன்றுச் சரிவில் ஏறி உட்கார்ந்தேன். மேற்கே நாகமலை நீண்டு கிடந்தது. தெற்கே திருப்பரங்குன்றத்தின் மேல் வெயில் மஞ்சளாக இறங்கியது. கீழே தென்கால் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் மின்னியது. பச்சை இல்லை என்ற குறை எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பாறையின் அடிவாரத்திலும் எத்தனையோ கைகள் கிணறு வெட்டி, வேம்பு நட்டு, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்திருக்கின்றன. அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். விரல்கள் போதவில்லை.

அறுப்பின் பண்டிகையன்று பாடகர் குழு அந்தப் பாட்டைப் பாடியது. வாழைத்தாருக்கும் பூசணிக்கும் நடுவில் தேயிலைப் பொட்டலத்தையும் காணிக்கையாக வைத்தேன். ஏலம் விடுகிறவர் ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி, கொடுத்தவர் பெயரைக் கூவுவது வழக்கம். பொட்டலத்தைக் கையில் எடுத்தவர், மேலே எழுதியிருந்ததைப் படித்து, கூட்டத்தைப் பார்த்துப் பெயரை உரக்கச் சொன்னார். ஊர், தோட்டம், பெயர், எதுவும் விடாமல்.

பசுமலையில் அன்றைக்கு அவருக்கு முழுப்பேர்.